பர்மாப் பெட்டி: துரு எடுத்தது, தாள் பிரித்தது, கணக்குப் படித்தது

பெட்டி என் கைக்கு வந்தபோது இருந்த நிலையை முதலில் எழுதிவிடுகிறேன். இரும்புத் தகட்டு டிரங்குப் பெட்டி, இரண்டரை அடி நீளம். வெளியே கறுப்புப் பெயிண்ட், அடிப்பக்கம் முழுக்கத் துரு. இரண்டு கீல்களில் ஒன்று இறுகிவிட்டது. கொண்டி இருக்கிறது, பூட்டு இல்லை. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஐயாவின் பெயரும், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ரங்கூன் என்பதும் மங்கலாகத் தெரிந்தன. உள்ளே ஒரு கணக்கு நோட்டு, மடித்த தாள்கள், குண்டூசி குத்திய ஒரு கட்டுப் பண நோட்டு, கண்ணாடிச் சட்டத்தில் ஒரு போட்டோ. எல்லாவற்றின் மேலும் அந்துருண்டை வாசம்.

ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர். சிவகங்கைப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ரங்கூன் முகல் தெருவில் செட்டியார் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். அவரைப் பற்றி வீட்டில் இருந்தது ஒரே கதை: ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் இந்தக் கதை இல்லாத தெரு குறைவு. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் குண்டு விழுந்தது, 1942 மார்ச் 8 அன்று ஊர் ஜப்பானியர் கையில் போனது. கப்பலில் இடம் பிடிக்க முடியாத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். அதில் ஐயாவும் ஒருவர் என்று நாங்கள் நம்பியதில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை.

ஐயா உயில் எழுதவில்லை. அப்பத்தாவும் போன பிறகு, 1956-ஆம் வருடத்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடும் கொல்லையும் அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் சமபங்கு. வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப்பத்திரம் தேடி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து முடித்தோம். அண்டா குண்டானுக்குக்கூட வாய்த்தகராறு வந்தது. இந்தப் பெட்டி மட்டும் எந்த ஷெட்யூலிலும் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அத்தைதான் அதை ஒரு வேனில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு போன் பண்ணினார்.

“நீதான் பழைய தாளையெல்லாம் ஒட்டுற வேலை பழகினவ. அதுல இருக்கறதை உங்கப்பன் படிக்கிற மாதிரி ஆக்கிக் குடு, ஆத்தா. என் வாயால நான் சொல்ல மாட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். வேலையின் அளவு அதில் தெளிவாக இருந்தது. கண்காட்சிக்கு வைக்கிற மாதிரி ஆக்க வேண்டாம். எழுபது தாண்டிய ஒருவர் கையில் எடுத்தால் உடையாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற மாதிரி இருந்தால் போதும்.

முதல் வேலை தாள். கீல் இறுகியிருக்கிறது என்று உடனே மண்ணெண்ணெயோ துரு தளர்த்தும் ஸ்ப்ரேயோ அடிக்கத் தோன்றும். உள்ளே தாள் இருக்கும்வரை அதைச் செய்யக் கூடாது. எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் தாளில் அந்தக் கறை போகாது. மூடியை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, உள்ளே இருப்பது எந்த வரிசையில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். எதன் மேல் எது இருந்தது என்பதும் ஒரு தகவல்தான், கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. அடியில் போட்டோ, அதன் மேல் நோட்டு, அதன் மேல் பணக்கட்டு, மேலே ஊருக்கு வந்த பிறகு சேர்ந்த வரி ரசீதுகள். ஐயா பெட்டியைத் திறந்தாலும் ரசீதுக்கு அடியில் கை வைக்கவில்லை என்று அந்த வரிசையே சொன்னது.

பூஞ்சணம் இருந்தது. மொட்டை மாடியில், நிழலில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, அகலமான மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தள்ளித் துடைத்தேன். பழைய ஏட்டை வெயிலில் காய வைப்பது நம் வீடுகளில் பழக்கம். பழந்தாளுக்கு வெயில் ஆகாது, மஞ்சளாகி மொறுமொறுத்துவிடும். ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள் நோட்டின் முதுகில் வரிசையாக இருந்தன. உயிருள்ள பூச்சி இருக்கலாம் என்பதால் ரசீதுகளையும் நோட்டையும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரிட்ஜின் மேலறையில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்த பிறகு பை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் தாள் மேலேயே நீர் வியர்க்கும். (அந்த இரண்டு வாரமும் வீட்டில் ஐஸ்கிரீம் கிடையாது என்று வந்த புகாரையும் இங்கே பதிவு செய்கிறேன்.)

ரசீதுகளும் கடிதங்களும் நாலாக மடித்து இறுகியிருந்தன. காய்ந்த மடிப்பை அப்படியே விரித்தால் மடிப்பிலேயே இரண்டாகப் போகும். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு, அதற்கு மேல் பாத்திரம் வடிய வைக்கும் தட்டு, தட்டின் மேல் தாள். தண்ணீர் தாளைத் தொடவே தொடாது, ஈரக்காற்று மட்டும் போகும். சில மணி நேரத்தில் மடிப்பு தானாக இளகும். எடுத்து இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பலகை, அதன் மேல் பாரம். இந்த வேலையில் கஷ்டம் எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும்.

நோட்டு அப்படி இல்லை. ஓர் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த, ஒரே ஒரு புள்ளி எழுத்து இருந்த துணுக்கின் மேல் ஈரப் பஞ்சு முனையை வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இருந்த புள்ளி கண்ணெதிரே கத்தரிப்பூ நிறமாகிப் பஞ்சில் ஏறியது. காப்பியிங் பென்சில். நாக்கில் தொட்டு எழுதுவார்களே, அது. கிராஃபைட்டோடு சாயம் கலந்து செய்வது. ஈரம் பட்டால் மைபோல் ஊறும். அழித்தால் போகாது என்பதால் கணக்கெழுதுகிறவர்கள் அதை விரும்பினார்கள். ஆனால் ஈரக்காற்று டப்பாவில் இந்த நோட்டை வைத்தால் பக்கம் முழுவதும் ஊதாக் கறைதான் மிஞ்சும். சாராயத்திலும் கரையும் சாயம் அது, அதனால் தண்ணீருக்குப் பதில் சாராயம் என்ற வழியும் அடைபட்டது.

ஆக, நோட்டை உலர்ந்தபடியேதான் பிரிக்க வேண்டும். ஒட்டியிருந்த பக்கங்களுக்கு நடுவில் மெல்லிய பாலியஸ்டர் தகட்டை நுழைத்து, மூலையிலிருந்து மெதுவாக, தாள் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறதோ அந்தப் பக்கமாகப் போனேன். துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்கக் கூடாது. ஊசிக்கும் தாளுக்கும் நடுவே தகட்டைச் செருகி, ஊசியின் துருவை மேலிருந்து லேசாகச் சுரண்டி, தளர்ந்த பிறகு நெட்டுக்குத்தாக நிமிர்த்தி எடுக்க வேண்டும். யாரோ ஒரு பக்கத்தை எப்போதோ செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப் உதிர்ந்து பசை மட்டும் தேன்நிறத்தில் தாளுக்குள் இறங்கிவிட்டது. அதை நான் தொடவில்லை. எடுக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வரும்.

பசை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். துத்தத்தில் இருப்பது செம்பு. செம்பு காலப்போக்கில் தாளின் நாரையே சிதைக்கும். மைதாவில் உள்ள புரதம் பழுத்து மஞ்சளாகும், பூச்சிக்கும் அது விருந்து. வேண்டியது கோதுமையின் வெறும் மாவுச்சத்து. அதை எடுப்பது எங்கள் வீட்டில் புது வித்தை இல்லை, அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கும் அதே வழிதான். சம்பா கோதுமையை ஊற வைத்து அரைத்துப் பிழிந்து, பாலைத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை இறுத்து இறுத்து மாற்றினால், அடியில் வெள்ளையாகப் படிவது மாவுச்சத்து. அதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, சிறு தீயில் கை விடாமல் கிண்டினால் வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறிய பிறகு மெல்லிய துணியில் தேய்த்து வடித்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். துத்தமும் வேண்டாம், உப்பும் வேண்டாம். கெட்டுப்போனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் ஈரப்படுத்தித் திரும்ப எடுத்துவிடலாம் என்பதுதான் இந்தப் பசையின் பெரிய குணம்.

ஒட்டுத்தாள், ஜப்பானில் கோசோ மரப்பட்டை நாரில் செய்யும் மெல்லிய தாள். கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு கனமாக நிற்கும். தண்ணீரால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கிழித்தால் நார்கள் பிசிறாக நீண்டு, பழைய தாளோடு ஒட்டு தெரியாமல் சேரும். எழுத்து இல்லாத ஓரங்களில் மட்டும், பசையை முக்கால்வாசி உலரவிட்டு ஒட்டினேன். எழுத்து இருந்த கிழிசல்களை ஒட்டவில்லை, அந்தப் பக்கங்களைத் தனித்தனி உறையில் போட்டுவிட்டேன். பர்மாவிலிருந்து ஜப்பான்காரன் துரத்தியவருடைய நோட்டுக்கு ஜப்பான் தாளில் ஒட்டா என்று பிறகு அப்பா கேட்டார். ஆமாம்ப்பா, வேறு தாள் இந்தத் தரத்துக்கு இல்லை என்றேன்.

இனிப் படிக்கும் வேலை. எழுத்து பல இடத்தில் வெறும் பள்ளமாகத்தான் இருந்தது. விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடித்தால் பென்சில் அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். ஊதாச் சாயம் மங்கிய இடங்களில் ஸ்கேன் எடுத்து, படத்தின் பச்சை அலைவரிசையை மட்டும் தனியாகப் பார்த்தால் எழுத்து கறுத்து எழும். ஊதா நிறம் பச்சை ஒளியை விழுங்கிவிடும் என்பதுதான் காரணம். 600 டி.பி.ஐ.யில் எடுத்தேன், அதற்குக் குறைந்தால் பின்னங்களில் குழப்பம் வரும்.

ஐயா எழுதியது முழுக்கப் பழைய முறை. தமிழ் எண்கள், ஒன்றிலிருந்து ஒன்பது வரை ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯, பத்துக்கு ௰, நூறுக்கு ௱. ௰௪ என்றால் பதினாலு. தேதிக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ‘மேற்படி’க்கு ௸, ரூபாய்க்கு ௹. வருடங்களுக்கு எண் கிடையாது, அறுபது வருடப் பெயர்கள்தான். முதல் பாதி விஷு வருடம். அந்தச் சுற்றில் விஷு என்றால் 1941 சித்திரையிலிருந்து 1942 பங்குனி வரை.

தை மாதம் முழுக்க ரங்கூன் செலவு. வீட்டு வாடகை, விறகு, கப்பல் டிக்கெட்டுக்கு முன்பணம், அந்த முன்பணம் திரும்பியதற்கு வரவு. ஒவ்வொரு நாளும் வலது ஓரத்தில் ‘ஆள்’ என்று ஒரு பத்தி. அதில் ௩ என்று இருந்தது. கடையில் வேலை செய்பவர்கள் மூன்று பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டிருப்பார்கள், அதன் பங்குக் கணக்கு என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

மாசியில் இடங்கள் மாறின. ரயிலில் பிரோம், அங்கே ஐராவதியைக் கடக்கப் படகு, பிறகு அரக்கான் மலையில் டாங்கப் என்ற ஊருக்குப் போகும் பாதை. நூறு மைலுக்கு மேல் நடை, வழியெங்கும் காலரா என்று அந்தப் பாதையைப் பற்றிப் படித்திருக்கிறேன். நோட்டில் அது எப்படி இருக்கிறது என்றால், வண்டி வாடகை, அரிசி, உப்பு, தண்ணீர். தண்ணீருக்குப் பற்று எழுதியிருந்தார். முதல் நாள் நாலணா, மறுநாள் எட்டணா, அதற்கடுத்த நாள் ஒரு ரூபாய்.

மாசி ௰௪ அன்று ஒரு வரி. அப்பாவின் பெயரை எழுதி, அதை அடுத்து ‘க்கு ஆரஞ்சு ௨’ என்றிருந்தது.

அப்பா பிறந்தது 1951. இந்தப் பக்கம் வேறு ஏதோ வருடத்து நோட்டிலிருந்து கலந்திருக்கும் என்று முதலில் முதுகுத் தையலைத்தான் சோதித்தேன். தையல் அசையவில்லை. தாளின் கோடு, நீர்க்கறை, பூச்சி ஓட்டை எல்லாம் முன்பக்கத்தோடும் பின்பக்கத்தோடும் நேராகப் பொருந்தின. அதே பக்கம், அதே மாசி, விஷு வருடம்தான்.

௰௫ அன்று கஞ்சி. ௰௬ அன்று ஒன்றும் இல்லை. ௰௭ அன்று ‘குழி வெட்டின கூலி ௹ ௨’. அன்றைக்கும் கூட்டல் சரியாகப் போட்டு, கீழே கோடு இழுத்திருக்கிறார். ௰௮ காலி. ௰௯ அன்று பிரோமுக்குத் திரும்ப வண்டி வாடகை. ஆள் பத்தியில் ௨.

அதற்குப் பிறகு ஏழெட்டு இலைகள் அடியோடு கத்தியால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. தையலை ஒட்டிக் கால் அங்குலம் மட்டும் மிச்சம். மறுபடி கணக்கு தொடங்குவது தாரண வருடம், அதாவது 1944. ஒரு வேட்டிக்கு நூற்றுக்கணக்கில் பற்று. ஆள் பத்தியில் ௧. கடைசிப் பதிவு விய வருடம், 1946, மதராஸ் கப்பல் டிக்கெட்.

பணக்கட்டும் அதையேதான் சொன்னது. ‘ஜப்பானிய அரசு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ரூபாய் நோட்டுகள், பர்மாவுக்கான ‘பி’ எழுத்தில் தொடங்கும் குறியோடு. ஆக்கிரமிப்புக்குப் பிறகுதான் ஜப்பானியர் அவற்றைப் புழக்கத்தில் விட்டார்கள். 1945-இல் ஆங்கிலேயர் திரும்பியதும் செல்லாது என்றாகிவிட்டது. 1942 தொடக்கத்தில் நடந்து ஊர் வந்து சேர்ந்தவர் பெட்டியில் அவை இருக்க வழியில்லை. ஐயா நடந்தார். பாதி வழியில் திரும்பினார். போர் முடியும்வரை அங்கேயே இருந்து, கப்பலில் தனியாக வந்தார்.

எங்கள் வீட்டில் கொதிக்காத தண்ணீர் யாரும் குடிக்கக் கூடாது. திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு குவளை பானகம் குடித்ததற்காக ஐயா புளிய விளாரால் விளாசியதை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்பா எங்களை அடித்ததில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் பந்தி நடுவே எழுந்து வந்து எங்கள் இலையோரத்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு இரண்டு கேன் தண்ணீரோடு போன ஒரே பிள்ளை நான்தான். மாசியில் ஒரு நாள் ஐயா சாப்பிட மாட்டார். சிவராத்திரி விரதம் என்று அப்பத்தா சொல்வார். சிவராத்திரி வேறு நாளில் வந்த வருடங்களிலும் அந்த விரதம் இருந்தது என்று அத்தைக்கு மட்டும் கணக்கிருந்தது.

நோட்டைப் படித்து முடித்த அன்று நான் பெட்டியின் துருவைத் தேய்க்கப் போய்விட்டேன். கைக்கு வேலை வேண்டியிருந்தது.

பெட்டி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழுதான கீலில் துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தால் அசையும் என்று பார்த்தேன். அசைந்தது, ஆனால் ரிவிட் துருவில் தின்றுபோயிருந்ததால் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கத்தில் பொருக்குத் துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, உப்புத்தாள் போட்டு, துருமாற்றித் திரவம் பூசினேன். அதில் இருப்பது டானிக் அமிலம், இரும்புத் துருவோடு சேர்ந்து கறுத்து இறுகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வினைதான். அதற்கு மேல் அடிப்பக்கத்துக்கு மட்டும் ரெட் ஆக்சைடு. மேல்மூடிக்குப் பெயிண்ட் கிடையாது, பெயர் எழுதிய பெயிண்டை லேசான சோப்புத் தண்ணீர்ப் பஞ்சால் ஒற்றியெடுத்து மெழுகு பூசினேன், அவ்வளவுதான். புதுப் பெயிண்ட் வாசம் முழுக்கப் போகும்வரை தாள்களைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. ஆவி தாளைப் பிடிக்கும். எனவே பெட்டி மாடியில், தாள்கள் அலமாரியில்.

அப்பாவிடம் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். நோட்டை நேராகக் கையில் கொடுத்தால் அவருக்கு அந்த எண்கள் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டிவரும். அத்தை வாயால் சொல்ல மறுத்ததை நான் மட்டும் சொல்வதில் என்ன நியாயம்? அதனால் ஸ்கேன்களைப் பெரிதாக அச்செடுத்து, ஒரு பக்கத்தில் எண்களுக்கும் குறிகளுக்கும் வருடப் பெயர்களுக்கும் அட்டவணை போட்டு, எல்லாவற்றையும் ஸ்பைரல் பைண்டிங் செய்தேன். விளக்கம் ஒரு வரிகூட எழுதவில்லை. அசல் நோட்டை உறையோடு பக்கத்தில் வைத்தேன்.

திண்ணையில் உட்கார்ந்து அவரே அட்டவணையைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். ஆரஞ்சு வரியில் நின்றார்.

“ஏத்தா, இது நான் பொறந்தப்புறம் எழுதினதுதானே?”

“மேல வருஷம் போட்டிருக்குப்பா.”

அட்டவணைக்குப் போய் வந்தார். பிறகு எழுத்தை விட்டுவிட்டு, ஆள் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். ௩. ௩. ௩. விரல் ௰௬ அருகே நின்று, பிறகு ௨-க்குப் போனது. இலைகள் வெட்டியிருந்த இடத்தை அசல் நோட்டில் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். அந்தக் கால் அங்குல ஓரத்தைத் தொடப் போகிறார் என்று பயந்தேன், தொடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்து வந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு வந்து, “அப்ப அந்த அடி எனக்கு இல்ல போலருக்கு” என்றார். பானக அடியைச் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்கு அத்தையோடு போனில் வெகுநேரம் பேசினார். அத்தை சொன்னதில் எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவு: ஐயாவுக்கு முன்னே ஒரு குடும்பம் இருந்தது அப்பத்தாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கச் சொன்னதே அப்பத்தாதான். ஐயா முதலில் சம்மதிக்கவில்லையாம். பெயர் வைத்த பிறகு அவர் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, ‘பெரியவன்’ என்றுதான் சொல்வார். அது எங்களுக்கும் தெரியும், மரியாதை என்று நினைத்திருந்தோம். அந்த முதல் மனைவியின் பெயர் அத்தைக்கும் தெரியவில்லை. வெட்டிய இலைகளில் இருந்திருக்கலாம்.

அப்பா அடுத்துக் கேட்டது, அந்த ௰௭-ஆம் தேதிப் பக்கத்தை லேமினேஷன் போட்டுத் தர முடியுமா என்று. ரேஷன் கார்டு, பட்டா நகல், கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டு வைக்கிற மனிதர். முடியாதுப்பா என்றேன். சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது, உள்ளேயே தாள் பழுத்துப் பொடியும். சாயமும் சூட்டுக்கு என்ன ஆகுமோ. “அப்ப மழை வந்தா?” என்றார். மழை உள்ளே வராத இடத்தில் வைப்போம் என்றேன். அரைமனதோடு பாலியஸ்டர் உறைக்கு ஒப்புக்கொண்டார். உறையின் இரண்டு ஓரம் மட்டும் மூடியிருக்கும், தாளை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கடையில் கிடைக்கும் பி.வி.சி. உறை வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போதைய ஏற்பாடு இது. அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் நோட்டு, உறைகளில் தனித்தாள்கள், மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் அடுப்பில் லேசாகச் சூடாக்கி ஈரம் போக்கித் திரும்பப் போடலாம். அந்துருண்டை கிடையாது. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இல்லாமல், தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது அப்பாவின் வேலை, அவரே எடுத்துக்கொண்டார். ஸ்கேன் பிரதி அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. சித்தப்பா நோட்டைப் புரட்டிவிட்டு, ஜப்பான் பணத்துக்கு இப்போது என்ன விலை என்றுதான் முதலில் கேட்டார். கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளிய பணம், சேகரிப்பவர்களிடம் பெரிதாக ஒன்றும் போகாது என்றதும் விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து, மாசி ௰௭ இந்த வருடம் எந்தக் கிழமை என்று கேட்டார்.

போட்டோ வேலை பாக்கி. பழைய ஜெலட்டின் பிரிண்ட், ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். அதனால் பிரிக்கப் போவதில்லை. பின்பக்கத்து மக்கிய அட்டையை மட்டும் மாற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்தேன். ஓர் ஓரம் வெள்ளி மின்னி மறைந்திருக்கிறது. நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் நின்றபடி ஐயா, ஸ்டூல் மேல் ஒரு பையன். பையனை மட்டும் பெரிதாக்கித் தர வேண்டாம், மூன்று பேரும் இருக்கிற மாதிரியே போடு என்று அப்பா சொல்லிவிட்டார்.

பெட்டிக்கு இன்னும் ஒரு கீல்தான். அந்த அளவில் பழைய தகட்டுக் கீல் இப்போது கடையில் இல்லை. காரைக்குடி பழைய சாமான் கடைகளில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் ரிவிட் அடித்துவிடலாம், வெல்டிங் வேண்டாம். சூட்டில் மூடியில் எழுதிய பெயர் கருகிவிடும்.